கல்லின் காலடியில் ஒரு கெண்டி

அன்புள்ள தம்பிக்கு,

ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளைத் தருமபுரி அகழ்வைப்பகத்துக்குக் கூட்டிப்போகப் போவதாக எழுதியிருந்தீர்கள். புறநானூற்றையும் வரலாற்றையும் ஒரே நாளில் சேர்த்து நடத்த முடியுமா என்றும் கேட்டிருந்தீர்கள். முடியும். ஆனால் எல்லாவற்றையும் காட்டிவிட வேண்டும் என்ற ஆசையைப் பஸ்ஸிலேயே விட்டுவிட்டு இறங்குங்கள். வரிசையில் நிற்கவைத்து, கூடம் கூடமாக ஓட்டி, வாசலில் குரூப் போட்டோ எடுத்து, மறுநாள் 'அருங்காட்சியகத்தில் நான் கண்டவை' என்று கட்டுரை எழுதவைப்பது சுற்றுலா. பாடம் நடத்த ஒரு கல் போதும்.

அந்த ஒரு கல்லைத் தேர்ந்தெடுக்க, முன்னதாக நீங்கள் மட்டும் ஒருமுறை போய்வாருங்கள். வில்லேந்திய வீரன், உடம்பில் தைத்த அம்பு, காலடியில் கெண்டியும் சிமிழும் இருக்கிற கல்லாகப் பாருங்கள். அந்த வட்டாரத்து நடுகற்களில் இவை அடிக்கடி வரும். பிள்ளைகளை அதன் முன்னால் தரையில் உட்காரவைத்து, நோட்டில் பென்சிலால் வரையச் சொல்லுங்கள். படம் கோணல்மாணலாக வந்தாலும் பரவாயில்லை. அம்பு எங்கே தைத்திருக்கிறது, முடியை எப்படி முடிந்திருக்கிறான், எந்தப் பக்கம் திரும்பி நிற்கிறான் என்பதெல்லாம் வரையும்போதுதான் கண்ணில் படும். அதுவரை நீங்கள் வாயைத் திறக்கக் கூடாது. நம் தொழிலில் இருப்பவர்களுக்கு இதைவிடக் கஷ்டமான காரியம் கிடையாது. பொறுத்துக்கொள்ளுங்கள். யாராவது ஒரு பிள்ளை கேட்கும்: "சார், சண்டை போட்டுச் செத்தவன் கால்கிட்ட சொம்பு எதுக்கு?"

ஔவையாரின் பாட்டை அப்போது எடுங்கள். அதியமான் போய்விட்டான். அவன் நடுகல்லுக்குப் பீலி சூட்டிச் சிறிய கலத்தில் கள் வைக்கிறார்கள். மலையோடு நாட்டையே கொடுத்தாலும் வாங்காதவன் இதையா வாங்கிக்கொள்வான் என்று அவர் கலங்குகிறார். அந்த அதியமானின் தகடூர்தான் இன்றைய தருமபுரி. திணை பொதுவியல், துறை கையறுநிலை என்று பரீட்சைக்கு மனப்பாடம் செய்த பிள்ளைக்கு, அந்தச் சின்னக் கலத்தின் அளவு அப்போதுதான் உறைக்கும். எவ்வளவு பெரிய ஆள், எவ்வளவு சின்னக் கலம்! பாட்டின் துக்கமே அந்த அளவில்தான் இருக்கிறது.

பெரும்பாலானவர்கள் இதோடு திருப்தியாகி பஸ் ஏறிவிடுவார்கள். ஆபத்து இங்கேதான் இருக்கிறது. பிள்ளைகள் தாங்கள் பார்த்தது அதியமான் கல் என்றே நம்பி வீட்டுக்குப் போவார்கள். உருவம் செதுக்கிய நடுகற்கள் பல்லவர் காலத்திலும் அதற்குப் பிறகும் வந்தவை. ஔவையாருக்கும் அவற்றுக்கும் நடுவே பல நூற்றாண்டுகள் கிடக்கின்றன. கல்லில் இருக்கும் கெண்டி கள் வைத்த கலம்தான் என்று அடித்துச் சொல்லவும் முடியாது. படையலா, வேறு எதற்காவதா என்பதைக் கேள்வியாகவே விடுங்கள்.

திரும்பி வந்ததும் பள்ளி மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டு, நூற்றாண்டுக்கு ஓர் அடி என்று நடக்கவிடுங்கள். கோட்டின் தொடக்கத்தில் புலிமான்கோம்பைக் கல்லின் படத்தை வையுங்கள். தேனி மாவட்டத்தில் 2006இல் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் கண்டுபிடித்த கற்கள் அவை. கிறிஸ்துவுக்கு முற்பட்டவை என்பது ஆய்வாளர்கள் கருத்து. அவற்றில் வீரனும் இல்லை, வில்லும் இல்லை. வெறும் தமிழி எழுத்துகள்தாம். கூடலூரில் நடந்த ஆநிரை கவர்தலில் இறந்தவனின் பெயரை ஒரு கல் சொல்கிறது. இதைக் காட்டிவிட்டு மறுபடி சங்கப் பாட்டுகளுக்குப் போங்கள். நடுகல்லில் பெயரையும் பெருமையையும் எழுதியதாகத்தான் அங்கும் வருகிறது. 'நடுகல் என்றால் வீரன் உருவம்' என்று இவ்வளவு நேரம் நினைத்திருந்த பிள்ளை, தானே திருத்திக்கொள்ளும். பாட்டுக்குப் படமாகக் கல்லையும், கல்லுக்குக் குறிப்பாகப் பாட்டையும் ஒட்டவைக்கிற வழக்கம் நம்மிடம் அதிகம். இரண்டும் எங்கே ஒட்டவில்லை என்று தேடவிடுங்கள். இலக்கியமும் வரலாறும் சேர்ந்து நடப்பது அந்த இடத்தில்தான்.

இதற்கு எனக்குப் பிடித்த கல் திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூர்க் கல். பாடப்புத்தகத்தில் மகேந்திரவர்மன் என்றால் மண்டகப்பட்டுக் குடைவரை, விசித்திரசித்தன் என்ற பட்டம், அவ்வளவுதான். அதே அரசனின் 34ஆம் ஆட்சியாண்டில் நட்ட கல் இது. கருந்தேவக்கத்தி என்பவன் எருமைகளைக் காக்கும் சண்டையில் பட்டான் என்கிறது வட்டெழுத்து. பக்கத்திலேயே ஒரு நாயைச் செதுக்கி அதற்கும் தனியாக எழுத்து வெட்டியிருக்கிறார்கள். நாயின் பெயர் கோவிவன். கள்ளர் இருவரைக் கடித்து, காத்து நின்றதாம். அரசர்களின் பெயர் வரிசையே வரலாறு என்று படித்த பிள்ளைகளுக்கு, 7ஆம் நூற்றாண்டு நாய் ஒன்றின் பெயர் கிடைக்கிறது! தொல்காப்பியமும் பாட்டும் ஆநிரை என்று சொல்ல, இங்கே எருமை வந்து நிற்பதையும் கவனிக்கவிடுங்கள். தொல்லியல் துறை 1972இல் வெளியிட்ட 'செங்கம் நடுகற்கள்' நூலகத்தில் கிடைத்தால் எடுத்துவையுங்கள். நாகசாமி பதிப்பித்தது. பாட வாசகங்களைப் பிள்ளைகளே எழுத்துக்கூட்டிப் படிக்கலாம்.

இரண்டு விஷயங்களுக்குத் தயாராகப் போங்கள். "இது எங்க ஊர் வேடியப்பன் மாதிரியே இருக்கு சார்" என்று ஒரு பிள்ளை சொல்லும். உங்கள் பக்கத்தில் எத்தனையோ நடுகற்கள் வேடியப்பனாகக் கும்பிடப்படுகின்றன. அந்தப் பிள்ளையை எழுப்பிப் பேசவையுங்கள். பொங்கல் வைப்பது யார், என்ன படைக்கிறார்கள், பெண்கள் போகலாமா என்று மற்றவர்கள் கேட்கட்டும். அரை மணி நேரம் போனாலும் போகட்டும், அன்றைக்கு நீங்கள் நடத்தக்கூடிய எதையும்விட அது நல்ல பாடம். அடுத்தது, "இவர் எங்க ஆளு" என்று ஒருவன் ஆரம்பிப்பான், இன்னொருவன் மறுப்பான். அதட்டி உட்காரவைக்காதீர்கள். கல்லில் என்ன எழுதியிருக்கிறதோ அதை வரிவரியாகப் படிக்கச் சொல்லுங்கள். எழுதாததை யார் சேர்க்கிறார்கள் என்று பிள்ளைகளே பார்த்துக்கொள்வார்கள்.

பத்தாம் வகுப்புக்குப் போனதும் இதையே சிலப்பதிகாரத்துக்குக் கொண்டுபோகலாம். வஞ்சிக் காண்டத்தில் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், வாழ்த்து என்று காதைகளின் பெயர்களே கல் நடும் முறையாக இருக்கின்றன. வீரனுக்கு நட்ட கல்லைப் பார்த்துவிட்டு வந்தவர்கள், போர்க்களமே போகாத ஒரு பெண்ணுக்கு ஏன் இத்தனை சடங்கு என்று கேட்பார்கள்.

மற்றபடி, எழுத்து தெளிவாகத் தெரியட்டும் என்று கல்லில் சாக்பீஸ் தேய்க்கவோ மாவு பூசவோ விடாதீர்கள். கண்காணிப்பாளரிடம் கேட்டு, டார்ச் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் தேய்ந்த எழுத்தும் நிழலில் எழும்பி நிற்கும். முதன்மைக் கல்வி அலுவலர் அனுமதி, பெற்றோர் கடிதம் இரண்டையும் முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். அடுத்த வருடம் எழும்பூர் அருங்காட்சியகத்துக்குத் திட்டமிட்டால், அங்கே வார விடுமுறை எந்த நாள் என்று முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
உங்கள் மூத்த தமிழாசிரியர்