நகைச்சொல்லும் மன்னிப்பும்

சேலம் மாநகருக்கு வடபால் ஓங்கி நிற்பது சேர்வராயன் மலை. கடல் மட்டத்திற்கு மேல் ஏறக்குறைய 5,000 அடி உயரத்தில் அதன்மீது ஏற்காடு அமைந்துள்ளது. காப்பித் தோட்டங்களின் இடையே தலைச்சோலை முதலிய மலையூர்கள் உள்ளன. அவ்வூர்களில் தலைமுறை தலைமுறையாக வாழும் மலைமக்கள் தம்மை மலையாளிகள் என்பர். காஞ்சியிலிருந்து உடன்பிறந்தார் மூவர் மலையேறி வந்தனர் என்றும், அவர் வழியில் வந்தவரே தாம் என்றும் அவர்களிடையே ஒரு கதை வழங்குகிறது. அவர்கள் பேசுவது தமிழே. கேரள நாட்டாரையும் மலையாளிகள் என்பதால் புதியோர் மயங்குவதுண்டு. மலையை ஆள்பவர் என்று அப்பெயருக்குப் பொருள் கூறுவர். தமக்குத் தாமே சூட்டிக்கொண்ட பெயர் ஆதலின், அதனைச் சொல்வதில் அவர்களுக்கு நாணமில்லை.

அம்மலையினின்று இறங்கிவந்து சமவெளிப் பள்ளியொன்றில் சேரும் சிறுவனுக்கு வேறொரு பெயர் காத்திருத்தல் கூடும். ஆடுகளத்தில் அவன் பந்தைத் தவறவிட்டால், "அடே காட்டான்!" என்று ஒருவன் கூவுவான், மற்றவர் சிரிப்பர். அழைக்கப்பட்டவனும் உடன் சிரிப்பான். சிரியாவிடின் இன்னும் இரண்டு பெயர் வந்து சேரும் என்பதை அவன் அறிவான். அவனும் சிரித்தமையால் அவனுக்கு வருத்தமில்லை என்று மற்றவர் முடிவு செய்துகொள்வர். பின்னொரு நாள் ஆசிரியர் கண்டித்தாராயின், "விளையாட்டுக்குச் சொன்னேன், ஐயா" என்னும் விடை ஆயத்தமாக இருக்கும்.

இச்சிறுவனுக்கு நேர்வது உலகறிந்த வீரர் ஒருவருக்கும் நேர்ந்தது. அவர் பெயர் டேரன் சமி. மேற்கிந்தியத் தீவுகளுள் ஒன்றாகிய செயின்ட் லூசியாவில் பிறந்தவர். 2012இலும் 2016இலும் தம் அணிக்குத் தலைவராக இருந்து இருபது ஓவர் உலகக் கோப்பையை வென்றவர். இந்தியாவில் ஐதராபாத்து அணிக்காக 2013, 2014 ஆகிய ஆண்டுகளில் அவர் ஆடினார். அப்போது அணியில் சிலர் அவரைக் "காலு" என்று அழைத்தனர். கறுப்பன் என்பது அவ்விந்திச் சொல்லின் பொருள். அதனை அறியாத சமி, வலிமை மிக்கவன் என்பதே பொருள் போலும் என்று எண்ணினார். தம்மை அப்பெயரால் அழைக்கும்போதெல்லாம் தோழர் சிரிப்பதைக் கண்டு, தாமும் சிரித்தார்.

2020 மே மாதத்தில் அமெரிக்க நாட்டின் மினியாபொலிசு நகரில், ஜார்ஜ் பிளாயிடு என்னும் கறுப்பின மனிதர், காவலர் ஒருவர் கழுத்தை முழங்காலால் அழுத்தியதால் உயிர் நீத்தார். உலகெங்கும் கிளர்ச்சி எழுந்தது. அந்நாள்களில் ஒரு நிகழ்ச்சியைப் பார்த்துக்கொண்டிருந்த சமிக்கு, இந்நாட்டில் கறுத்த மேனியரை எவ்வெச் சொற்களால் குறிக்கின்றனர் என்பது தெரியவந்தது. ஆறாண்டுக்கு முன் சிரித்த சிரிப்பெல்லாம் அப்பொழுது அவருக்கு நெருப்பாயிற்று. அவ்வாறு அழைத்தவர் தம்மோடு பேசவேண்டும் என்று அவர் வெளிப்படையாகக் கேட்டார். சில நாள்களில் ஒருவர் பேசினார். அன்பினாலேயே அவ்வாறு அழைத்ததாகக் கூறினார். சமி அதனை நம்பினார். இனிப் பிறருக்கு இதனை எடுத்துணர்த்துவதே வேண்டும் என்று சொல்லி அமைந்தார். அது அவருடைய பெருந்தன்மை. அழைத்தவர் நெஞ்சில் அன்பு இருந்திருக்கவும் கூடும். ஆயினும் பொருள் அறிந்தவர் பலரும் அறியாதவர் ஒருவருமாக நின்று சிரித்த சிரிப்பில், அந்த ஒருவர்க்குரிய பங்கு யாது என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

கறுப்பு என்னும் சொல் தன்னளவில் இழிவுடையதன்று. பண்டைத் தமிழில் அது சினத்தையும் குறித்தது. கண்ணனையும் காளியையும் கறுப்பண்ணசாமியையும் வணங்கும் நாடு இது. அவ்வாறிருந்தும் தமிழ்நாட்டு ஆட்டக்காரர் இருவர் இந்நிறத்தின் பொருட்டு மனம் வெதும்பி எழுத நேர்ந்தது. சென்னையைச் சேர்ந்த அபினவ் முகுந்து, இந்திய அணியோடு இலங்கையில் இருந்தபோது, 2017 ஆகத்தில் ஓர் அறிக்கை வெளியிட்டார். பதினைந்து வயது முதல் ஆட்டத்தின் பொருட்டு ஊர் ஊராகச் செல்வதாகவும், தம் மேனி நிறத்தைப் பற்றிப் பிறர் கொள்ளும் ஆர்வம் தமக்குப் புரியாத புதிராகவே இருப்பதாகவும் அதில் எழுதினார். வெயிலில் நாளெல்லாம் நின்று ஆடியதால் நிறம் கறுத்தது. அதற்காகத் தாம் வருந்தியதில்லை என்றார். 1983இல் 17ஆம் வயதிலேயே டெஸ்டு ஆட்டத்தில் இறங்கிய சுழற்பந்து வீரர் இலட்சுமணன் சிவராமகிருட்டிணனோ, தம் வாழ்நாள் முழுதும் நிறத்தால் வேற்றுமை காட்டப்பட்டதாகவும், அதனால் இப்போது வலியும் தோன்றுவதில்லை என்றும், இது நம் நாட்டிலேயே நிகழ்கிறது என்றும் 2021 நவம்பரில் எழுதினார். இவ்விருவரிடமும் மன்னிப்பு வேண்டுவதற்கு யார் வருவார்? சொன்னவர் பலர், அவருள் பெரும்பாலோர் தாம் சொன்னதையே மறந்திருப்பர்.

சொன்னவர் இன்னார் என்பது ஐயமின்றித் தெரிந்த ஒரு நிகழ்ச்சியும் உண்டு. 2019 சனவரி 22ஆம் நாள், தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் அந்நாட்டு அணிக்கும் பாகிசுத்தான் அணிக்கும் ஒருநாள் ஆட்டம் நடந்தது. பாகிசுத்தான் அணித்தலைவர் சர்பராசு அகமது விக்கெட்டுக் காப்பாளராகவும் நின்றார். எதிரணியின் ஆண்டிலே பெலுக்வாயோ அசையாது நின்று ஆடியதால் வெற்றி கைநழுவிக்கொண்டிருந்தது. வெகுளி மிக்க சர்பராசு, அவரைக் கறுப்பன் என்று உருது மொழியில் விளித்து, அவருடைய தாயையும் பேச்சில் இழுத்து எள்ளினார். பெலுக்வாயோவுக்கு அம்மொழி தெரியாது. ஆனால் விக்கெட்டுக் கழிகளின் அருகே இருந்த ஒலிவாங்கி அதனை உலகிற்கு அறிவித்துவிட்டது.

மறுநாள் சர்பராசு ட்விட்டரில் வருத்தம் தெரிவித்தார். அவ்வறிக்கை கூர்ந்து நோக்கத் தக்கது. தம் சொல்லால் எவரேனும் புண்பட்டிருப்பின் பொறுக்குமாறு வேண்டினார். அச்சொல் குறிப்பிட்ட எவரையும் நோக்கியதன்று என்றார். எதிரணியினர் செவியில் விழவேண்டும் என்றோ, அவர்களுக்கு விளங்கவேண்டும் என்றோ தாம் நினைக்கவேயில்லை என்றும் சொன்னார். அவருடைய வருத்தம் சொல்லியதற்கா, கேட்டுவிட்டதற்கா என்னும் ஐயம் படிப்பவர்க்கு எழாமல் இராது. ஆனால் அவர் அதனோடு நின்றுவிடவில்லை. சனவரி 25ஆம் நாள், செஞ்சூரியன் ஆட்டத்திற்கு முன்னர், பெலுக்வாயோவை நேரிற்கண்டு கைபற்றி மன்னிப்பு வேண்டினார். முதல் அறிக்கையில் எவரையும் குறித்ததன்று என்று கூறியவர், இப்போது ஒருவரையே தேடிச் சென்றார். அங்ஙனம் சென்றதே, அச்சொல் அவரை நோக்கியது என்பதற்கு ஒப்புதலாயிற்று. தென்னாப்பிரிக்க அணித்தலைவரும் அவரை மன்னித்துவிட்டதாக அறிவித்தார்.

எனினும் பன்னாட்டுக் கிரிக்கெட்டு மன்றம், இனவெறிக்கு எதிரான தன் விதியின்படி, நான்கு ஆட்டங்களில் ஆடக்கூடாது என்று அவரை விலக்கியது. மன்னிப்பு வேண்டி அது ஏற்கவும்பட்ட பின்னர்த் தண்டனை எதற்கு என்று பாகிசுத்தான் வாரியம் மனக்குறை கொண்டது. வினா பொருளற்றதன்று. ஆயினும் புண்பட்டவர் பொறுத்தல் வேறு. ஆட்டத்தின் ஒழுங்கைக் காப்பவர் தம் கடமையைச் செய்தல் வேறு. பெலுக்வாயோ தமக்கு நேர்ந்ததை மட்டுமே மன்னிக்க இயலும். அவ்வொலியை வீட்டில் அமர்ந்து கேட்ட கறுப்பினச் சிறுவர்களுக்காக அவர் எங்ஙனம் மன்னிப்பார்?

"புண்பட்டிருப்பின்" என்னும் சொல் ஈண்டு சிறிது ஆராயத் தக்கது. இது நிபந்தனைப் பொருள் தரும் வினையெச்சம். நன்னூலார் கூறும் வாய்பாடுகளுள் "செயின்" என்பதன்பாற் படும். "மழை பெய்யின் பயிர் விளையும்" என்றால், மழை பெய்தது என்றும் பொருளில்லை; பெய்யவில்லை என்றும் பொருளில்லை. அவ்வாறே "எவரேனும் புண்பட்டிருப்பின் வருந்துகிறேன்" என்னும் தொடரில், புண்பட்டது உறுதியாவதில்லை. புண்படுத்திய எழுவாயும் அத்தொடரில் இல்லை. வருந்துவதற்கு மட்டும் "நான்" உண்டு. செய்ததற்கு "நான்" இல்லை.

ஓய்வு பெற்ற இந்திய வீரர் யுவராசு சிங்கு 2020இல் தம் நண்பரோடு இணைய வழி உரையாடியபோது, மற்றோர் ஆட்டக்காரரைக் கேலி செய்வதற்குத் துப்புரவுத் தொழில் புரியும் ஒரு சாதியின் பெயரை எடுத்தாண்டார். இது நிறத்தைப் பற்றியதன்று. ஆயினும் பிறப்பைக் காட்டி நகைத்தல் என்னும் வகையில் இரண்டும் ஒன்றே. எதிர்ப்பு எழுந்தபின் அவர் வெளியிட்ட அறிக்கையிலும், தாம் கருதாமலே எவர் உள்ளமேனும் புண்பட்டிருந்தால் வருந்துவதாகவே இருந்தது. கேலிக்கு ஆளான நண்பர் அச்சாதியினர் அல்லர். அவருக்கு அது வெறும் விளையாட்டே. அச்சாதியில் பிறந்து, தம் பெயரே வசையாக வழங்கக் கேட்டு வளர்ந்தோர்க்கு அவ்வாறில்லை. அரியானாவில் 2021இல் இதன்மீது வழக்குப் பதிவாயிற்று.

எச்சத்தில் ஒளிந்துகொள்ளாத ஒருவனைச் சிலப்பதிகாரத்தில் காண்கிறோம். கண்ணகி தன் சிலம்பை உடைத்து மாணிக்கப் பரலைக் காட்டியபோது, பழியைப் பொற்கொல்லன்மேல் ஏற்றிவிடப் பாண்டியனுக்கு வழியிருந்தது. சிலம்பைக் கவர்ந்தவனும் பொய்யுரைத்தவனும் அவனே. அவ்வாறிருந்தும், அவன் சொல்லைக் கேட்டது தன் குற்றமே என்று நெடுஞ்செழியன் தன்மேல் ஏற்றுக்கொண்டு அங்கேயே வீழ்ந்து உயிர் நீத்தான். அவன் வருத்தத்தில் பொய் கலந்திருந்தது என்று எவரும் கூறார். ஆயினும் கண்ணகியின் சினம் உடனே தணிந்ததா? மதுரை எரிந்தது. நெடுநாள் கழித்து, வஞ்சிக் காண்டத்தில் தெய்வ வடிவில் தோன்றும்போதே, பாண்டியனிடம் குற்றம் இல்லை என்று அவள் கூறுகிறாள். மெய்யான வருத்தங்கூட, பொறுத்தே ஆகவேண்டும் என்று புண்பட்டவரைக் கட்டாயப்படுத்த இயலாது என்பதை இளங்கோவடிகள் அறிந்திருந்தார். மன்னிப்பு வேண்டிய மறுகணமே, "இன்னும் ஏன் முகம் சுளிக்கிறாய்?" என்று கேட்போர் இதனை அறியார்.

முன்னோர் இதனைப் "பிழை பொறுத்தல்" என்றனர். பொறுத்தல் என்பதற்குச் சுமத்தல் என்றும் பொருள் உண்டு. பொறை என்பது பாரம். ஆகவே "பொறுத்தருள்க" என்று வேண்டுபவர், தாம் இட்ட சுமையை மற்றவர் தாங்குமாறு கேட்கிறார். கேட்கும்போதே அதன்மேல் மற்றொரு கல்லை வைப்பதாகாதா, "நான் அவ்வாறு கருதவில்லை, நீரே தவறாகக் கொண்டீர்" என்று சொல்வது?

இங்கிலாந்து வீரர் ஆலி இராபின்சன் 2021 சூன் 2ஆம் நாள் இலார்டுசு மைதானத்தில் தம் முதல் டெஸ்டு ஆட்டத்தைத் தொடங்கினார். எட்டு ஆண்டுகளுக்கு மேற்பட்ட அவருடைய பழைய இழிமொழிகள் அன்றே வெளிப்பட்டன. அன்று மாலையே, தாம் எழுதியவை இனவெறி கொண்டவை என்று தம் வாயாலேயே கூறி, வெட்கப்படுவதாகச் சொன்னார். அவர் பேச்சில் "இருப்பின்" என்பது இல்லை. ஆனால் எவரும் தோண்டி எடுத்திராவிட்டால் அவர் வருந்தியிருப்பாரா என்று கேட்டவர் பலர். அவ்வினாவிற்கு விடை அவர் நெஞ்சம் ஒன்றே அறியும்.

அவ்வாண்டின் இறுதியில் நிகழ்ந்ததோ எவரும் எதிர்பாராதது. யார்க்சையர் அணியில் ஆடிய அசீம் இரபிக்கு, தாம் அங்கே இனத்தின் பேரால் பட்ட இழிவுகளை நவம்பர் 16ஆம் நாள் இங்கிலாந்துப் பாராளுமன்றக் குழுவின் முன் கண்ணீரோடு எடுத்துரைத்தார். சேதேசுவர் புசாராவின் பெயரைச் சொல்ல வராமல், அவரை "இசுடீவு" என்றே அங்குச் சிலர் அழைத்து வந்ததும் அப்போது பேசப்பட்டது. அவ்வாறு அழைத்தவருள் ஒருவர் பின்னர்ப் புசாராவிடமே மன்னிப்பு வேண்டினார். இரண்டு நாள் கழித்து மற்றொரு செய்தி வந்தது. 2011இல் அதே இரபிக்கு, மற்றோர் ஆட்டக்காரரோடு நகையாடி எழுதிய செய்திகளில் யூத மக்களை இழித்திருந்தார். பணம் செலவிட அஞ்சுபவர் என்னும் பழைய வசையே அது.

புண்பட்டவரே புண்படுத்தியவராகவும் வெளிப்பட்டார். அவரை எதிர்த்தோர்க்கு இஃது உவகையாயிற்று. இரபிக்கு, அவை தாம் எழுதியவையே என்றார். சாக்கு எதுவும் தம்மிடம் இல்லை என்றார். யூத மக்களிடம் மன்னிப்பு வேண்டினார். தாம் இளையவராய் இருந்ததையோ, அவை விளையாட்டுச் சொற்கள் என்பதையோ காட்டித் தப்ப முயலவில்லை. தமக்கு எதிராக அவ்விரு சாக்குகளும் சொல்லப்பட்டபோது அவை எவ்வளவு கசந்தன என்பது அவருக்குத் தெரிந்திருந்தது போலும். பின்னர், யூத இனப்படுகொலையில் உயிர் தப்பிய முதியவர் ஒருவரைச் சந்தித்தார். 2022இல் போலந்து நாட்டின் ஆசுவிட்சு முகாமிற்குச் சென்றார். இரண்டாம் உலகப்போரின்போது ஏறக்குறைய 11 இலட்சம் மக்கள், அவருள் மிகப் பெரும்பாலோர் யூதர், கொல்லப்பட்ட இடம் அது. பதினோர் ஆண்டுக்கு முன் தாம் எழுதிச் சிரித்த சொல், வேறொரு காலத்தில் எத்தகையோர் வாயில் வழங்கியது என்பதை அவர் அங்கு நின்று கண்டார்.