கிடங்கு, கணக்கேடு, சட்டம்: வகுப்பறைக்கு ஒரு பாடம்

சமூக அறிவியலில் விலைவாசி, பொது வழங்கல் முறை ஆகியவற்றை நடத்தும்போது 'பதுக்கல்' என்ற சொல் தவறாமல் வரும். பதுக்கினால் என்ன தண்டனை, யாருக்கு, ஏன் என்று மாணவர்கள் கேட்பது இயல்பு. அதற்கு விடை தருவது இன்றியமையாப் பண்டங்கள் சட்டம், 1955.

பின்னணியிலிருந்து தொடங்கலாம். 1943 வங்காளப் பஞ்சத்தில் 20 முதல் 30 லட்சம் பேர் வரை இறந்ததாக மதிப்பிடுகின்றனர். போர், அரசின் தவறான கொள்கை, விலையேற்றம் ஆகியவற்றோடு பதுக்கலும் அதற்குக் காரணமாயிற்று. 1946இல் தற்காலிகச் சட்டம் ஒன்று வந்தது. 1955இல் நிலையான சட்டம் இயற்றப்பட்டது.

சட்டம் சொல்வது

• பிரிவு 3: இருப்பு வரம்பு விதிக்கவும், கணக்கேடு பராமரிக்கச் செய்யவும், சோதனையிடவும் அரசு ஆணையிடலாம்.
• பிரிவு 6அ: ஆணையை மீறி வைத்திருந்த பொருளை, வழக்குத் தொடராவிட்டாலும், மாவட்ட ஆட்சியர் பறிமுதல் செய்யலாம். ஆனால் முன்னறிவிப்புத் தந்து உரியவரின் விளக்கத்தைக் கேட்க வேண்டும்.
• பிரிவு 7: கணக்கேடு, தகவல் தொடர்பான ஆணையை மீறினால் ஓராண்டு வரை சிறையும் அபராதமும். பிற ஆணைகளை மீறினால் 3 மாதம் முதல் 7 ஆண்டு வரை சிறையும் அபராதமும். தக்க சிறப்புக் காரணம் இருந்தால் நீதிமன்றம் 3 மாதத்திற்கும் குறைக்கலாம்.
• பிரிவு 8: மீற முயல்வதும், அதற்கு உடந்தையாக இருப்பதும் மீறியதற்கே சமம்.
• பிரிவு 9: பொய்க்கணக்கு காட்டினால் 5 ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும்.

கணக்கேட்டுக்கு ஏன் இத்தனை முக்கியத்துவம் என்று மாணவர்களைக் கேளுங்கள். எங்கே எவ்வளவு தானியம் இருக்கிறது என்பது தெரிந்தால்தான் தட்டுப்பாடு உண்மையானதா, உருவாக்கப்பட்டதா என்று அரசு அறிய முடியும். பொய்க்கணக்கு அந்தக் கண்ணைக் கட்டிவிடுகிறது.

குழுச் செயல்பாடு

2023 ஜூனில் மத்திய அரசு கோதுமைக்கு இருப்பு வரம்பு விதித்தது: மொத்த வணிகருக்கு 3,000 டன், சில்லறைக் கடை ஒன்றுக்கு 10 டன். இதை வைத்துக் கீழ்க்காணும் கற்பனைச் சூழல்களை விவாதிக்கச் செய்யலாம்.

1. மொத்த வணிகரிடம் 4,200 டன் இருக்கிறது. கணக்கேட்டில் 2,900 டன். (வரம்பு மீறலுக்குப் பிரிவு 7, பொய்க்கணக்குக்குப் பிரிவு 9.)
2. சில்லறைக் கடையில் 8 டன். (வரம்புக்குள் உள்ளது.)
3. விவசாயி தன் விளைச்சலை வீட்டில் சேமிக்கிறார். (அந்த வரம்பு வணிகர்களுக்கும் ஆலைகளுக்குமே, விவசாயிக்கு அல்ல.)

மூன்றாவது சூழலில் சற்று நேரம் செலவிடுங்கள். சேமிப்பு வேறு, பதுக்கல் வேறு என்பது அங்கேதான் மாணவர்களுக்கு விளங்கும்.

ஆசிரியர் கவனத்திற்கு

ரேஷன் அரிசிக் கடத்தல் பற்றிய பேச்சும் வகுப்பில் எழக்கூடும். கூலிக்கு மூட்டை சுமந்து வழக்கில் சிக்கியவரின் பிள்ளை நம் வகுப்பிலேயே அமர்ந்திருக்கலாம். எந்த ஊரையும் குடும்பத்தையும் சுட்டாமல், சட்டத்தையும் அதன் நோக்கத்தையும் மட்டும் பேசுவோம். குற்றம் நீதிமன்றத்தில் மெய்ப்பிக்கப்படும் வரை ஒருவர் குற்றவாளி அல்லர் என்பதையும் இதே பாடத்தில் சேர்த்துச் சொல்லிவிடலாம்.