அவர் எழும்பி நடக்காதது உங்கள் குறையல்ல

கேள்வி: டொக்டர், என் கணவருக்கு 58 வயது. எட்டு மாதத்துக்கு முன் பாரிசவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சும் இன்னும் சரியாக வரவில்லை. ஆஸ்பத்திரியில் சொல்லித்தந்த பயிற்சிகளைக் காலையும் மாலையும் செய்விக்கிறேன், ஆனாலும் கை அப்படியே கிடக்கிறது. பார்க்க வருகிற அவருடைய ஆட்கள், “ஒழுங்காகப் பயிற்சி குடுத்திருந்தால் இந்நேரம் நடந்திருப்பார்” என்கிறார்கள். அவரோ தொட்டதற்கெல்லாம் கோபப்படுகிறார், திடீரென அழுகிறார். இரவில் பலமுறை எழும்ப வேண்டியிருக்கிறது. எனக்கும் இப்போது முதுகு வலி, நெஞ்சுப் படபடப்பு. சில நேரம் அவர்மேல் எரிச்சல் வருகிறது. பிறகு அல்லாஹ்வுக்குப் பயந்து அழுகிறேன். நான் எங்கே பிழை விட்டேன்?
– பெயர் வேண்டாம், மூதூர்

பதில்: சகோதரி, நீங்கள் பிழை விடவில்லை. வெறும் ஆறுதலுக்காக இதைச் சொல்லவில்லை. இந்தியாவில் 14 ஆஸ்பத்திரிகளில் 1250 பாரிசவாத நோயாளிகளை வைத்து ‘அட்டெண்ட்’ என்றொரு ஆய்வு நடந்து, 2017இல் ‘லான்செட்’ இதழில் வெளிவந்தது. ஒரு பிரிவினரின் குடும்பத்தாருக்கு வீட்டிலே பயிற்சி கொடுக்கப் பழக்கினார்கள். மற்றப் பிரிவினருக்கு வழமையான சிகிச்சை மட்டும். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது, இறந்தவர்களும் பிறர் உதவியில் இருந்தவர்களும் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவுதான். மூளையின் எந்தப் பகுதி, எவ்வளவு பழுதடைந்தது என்பதே பெரும்பாலும் ஒருவர் தேறுவதைத் தீர்மானிக்கிறது. மனைவியின் பாடு அதைத் தீர்மானிப்பதில்லை.

அதற்காகப் பயிற்சியை விட்டுவிட வேண்டாம். கை கால் இறுகாமல் இருக்கவும் படுக்கைப் புண் வராமல் இருக்கவும் அசைவு தேவை. முதல் மாதங்களில் தெரிகிற வேகம் பிறகு குறையும், ஆனாலும் முன்னேற்றம் நின்றுபோவதில்லை. ஒரு வருடம் கடந்தும் பேச்சுத் தெளிந்தவர்கள் உண்டு. “தண்ணி வேணுமா?” என்பதுபோல, ஆம் இல்லை என்று தலையசைத்துச் சொல்லக்கூடியதாகக் கேளுங்கள். கேட்டபின் அவருக்கு நேரம் கொடுங்கள்.

உங்கள் முதுகு வலிக்குக் காரணம் அவரைத் தூக்குகிற முறையாக இருக்கலாம். கக்கத்தில் கைபோட்டுத் தூக்காதீர்கள், பலமில்லாத கையைப் பிடித்து இழுக்கவே வேண்டாம். தோள்மூட்டு விலகிவிடும். அவரைக் கட்டில் ஓரத்துக்கு நகர்த்தி, இரண்டு பாதமும் நிலத்தில் முழுதாகப் பதிய உட்கார வையுங்கள். சாரத்துக்கு மேலால் இடுப்பைச் சுற்றி அகலமான வார் ஒன்றைக் கட்டுங்கள். அவருக்கு எதிரே நின்று, உங்கள் முழங்காலால் அவருடைய வலது முழங்காலுக்கு முட்டுக்கொடுங்கள். மூக்கு கால்விரலைத் தாண்டும் அளவுக்கு அவரை முன்னால் சாயச் சொல்லி, வாரைப் பிடித்துக்கொண்டு இருவரும் ஒன்றாக எழும்புங்கள். பாரத்தில் ஒரு பங்கை அவருடைய நல்ல கால் தாங்கிக்கொள்ளும். அடுத்த கிளினிக்கில் இயன்மருத்துவரின் முன்னால் ஒருதரம் செய்து பாருங்கள். இரவுக்குக் கட்டிலோடு ஒரு சிறுநீர்ப் போத்தல் வையுங்கள். பகலில் நன்றாகத் தண்ணீர் கொடுத்து, மஃரிபுக்குப் பிறகு தேத்தண்ணியைக் குறையுங்கள்.

கோபமும் அழுகையும் உங்கள்மேல் உள்ள வெறுப்பு அல்ல. உணர்ச்சியை அடக்கிவைக்கிற மூளைப் பகுதி பழுதானால் அப்படித்தான் வரும். பாரிசவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வும் வருகிறது. அதற்கு மருந்து உண்டு. அவர் வாயால் சொல்ல முடியாதவர் என்பதால் கிளினிக்கில் நீங்கள்தான் எடுத்துச் சொல்ல வேண்டும். உங்களுக்கு வருகிற எரிச்சலும் பாவமல்ல, தூக்கமில்லாத உடம்பு அப்படித்தான் இருக்கும்.

படபடப்பைத் தள்ளிப்போடாதீர்கள். அமெரிக்காவில் வயதான கணவன் மனைவியரை நான்கு வருடம் கவனித்த ஓர் ஆய்வு 1999இல் வெளிவந்தது. துணையைப் பராமரிப்பதில் நொந்துபோனவர்கள் இறக்கும் வாய்ப்பு, பராமரிப்புச் சுமை இல்லாதவர்களைவிட 63 சதவீதம் அதிகமாக இருந்தது. அவருடைய கிளினிக்குக்குப் போகிற நாளில் உங்களுக்கும் ஓர் இலக்கம் எடுத்து, பிரஷரும் சீனியும் பாருங்கள். மனம் தாங்காத நேரத்தில் 1926க்கு அழைக்கலாம், அது தேசிய மனநல உதவி இலக்கம். மாற்றுத்திறனாளிக் கொடுப்பனவு பற்றிப் பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரிடம் விசாரியுங்கள்.

இன்னொரு முறை முகம் கோணினாலோ, பேச்சுக் குழறினாலோ, கை சோர்ந்தாலோ எண்ணெய் பூசிப் பார்த்து நேரம் போக்காமல் உடனே 1990க்கு அழையுங்கள். அம்புலன்ஸ் இலவசம். இரத்தக்கட்டியைக் கரைக்கிற ஊசியை நாலரை மணித்தியாலத்துக்குள் போட வேண்டும், அதற்கு முன் தலையை ஸ்கேன் செய்தாக வேண்டும். மூதூரிலிருந்து திருகோணமலை ஆஸ்பத்திரிக்குப் போக லோஞ்சுக்குக் காத்திருந்த காலம் போய்விட்டது. 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்தபின் தரைவழி இலகுவாகிவிட்டது.

கடைசியாக, அவருடைய ஆட்களுக்கு. நம் கிழக்கில் மாப்பிள்ளை பெண்வீட்டுக்கு வருகிறவர். அவர் நோயில் விழுந்தால் பாரம் முழுவதும் மனைவிமேலும் மனைவியின் சகோதரிகள்மேலும் விழுகிறது. ஆண்வழி உறவினர் பழமும் பிஸ்கட்டும் கொண்டுவந்து, அரைமணி நேரம் இருந்து, புத்தி சொல்லிவிட்டுப் போகிறார்கள். சகோதரி, “உதவி செய்யுங்கள்” என்று பொதுவாகக் கேட்டால் யாருக்கும் என்ன செய்வதென்று விளங்காது. இந்தப் பக்கத்தையே அவர்களிடம் கொடுங்கள். வெள்ளிக்கிழமைகளில் காலை பதினொரு மணிக்கு அவருடைய சகோதரர்களில் ஒருவர் வந்து, அவரைக் குளிப்பாட்டி, உடுப்பு மாற்றி, முச்சக்கர வண்டியில் ஜும்மாவுக்குக் கூட்டிப்போகட்டும். நிற்க முடியாதவர் கதிரையில் இருந்து தொழலாம். அவர்கள் திரும்பி வரும்வரை நீங்கள் படுத்துத் தூங்குங்கள்.