காற்று இலவசம், கம்பி இலவசமில்லை

ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தால், இரு பக்கமும் காற்றாலைகள். அவற்றைப் பார்த்தபடி நாம் பேசிக்கொள்பவற்றில் நான்கை மட்டும் சரிபார்ப்போம்.

நம்பிக்கை 1: காற்றும் வெயிலும் சும்மா கிடைக்கின்றன, அந்தக் கரண்டும் ஏறக்குறைய சும்மா கிடைக்க வேண்டும்.

உண்மை: அனல் மின் நிலையம் நிலக்கரியை அவ்வப்போது வாங்கிக்கொள்ளலாம். காற்றாலைக்கும் சோலாருக்கும் 25 ஆண்டுச் செலவில் பெரும்பகுதியை ஆரம்பத்திலேயே கொட்டியாக வேண்டும். அதில் பெரும்பங்கு கடன். எனவே யூனிட் விலையைத் தீர்மானிப்பவை கருவியின் விலையும் கடன் வட்டியும்தான். 2016-இல் இயங்கத் தொடங்கிய கமுதி சோலார் நிலையத்துக்கு ஒப்பந்த விலை யூனிட்டுக்கு 7.01 ரூபாய். 2017 மே மாதம் ராஜஸ்தானின் பட்லா ஏலத்தில் 2.44 ரூபாய். அங்கே வெயில் கொஞ்சம் கூடுதல்தான். ஆனால் விலையை இந்த அளவுக்கு இறக்கியவை பேனல் விலைச் சரிவும், மத்திய அரசு நிறுவனம் வாங்குவதால் பணம் தவறாது என்ற தைரியமும்.

நம்பிக்கை 2: சுற்றாமல் நிற்கும் காற்றாலை பழுதாகிவிட்டது.

உண்மை: காற்று குறைந்த மாதங்களில் நிற்பது இயல்பு. ஆனால் மே முதல் செப்டம்பர் வரையான சீசனில், நல்ல காற்று அடிக்கும்போதே சில நாட்கள் நிறுத்தச் சொல்லி உத்தரவு வரும். தேவை குறைவாக இருக்கலாம், அல்லது மின்பாதை தாங்காமல் இருக்கலாம். சோலார் நிலையத்தை ஓரிரு ஆண்டில் கட்டிவிடலாம். அதன் கரண்டைக் கொண்டுபோகும் உயர் அழுத்தப் பாதைக்கு நிலம், கோபுரம், வழக்கு என்று பல ஆண்டுகள் ஓடிவிடும். மின்கட்டமைப்பின் பாதுகாப்பு, தொழில்நுட்பத் தடை தவிர வேறு காரணத்துக்காக நிறுத்தினால் நட்டஈடு தர வேண்டும் என்று 2021-இல் மத்திய அரசு விதி செய்தது. நின்றது எந்தக் காரணத்தால் என்பதில்தான் தகராறே தொடங்குகிறது.

நம்பிக்கை 3: மெகாவாட் கூடினால் மின்வெட்டு போய்விடும்.

உண்மை: பெயர்ப்பலகையில் உள்ள மெகாவாட் வேறு, ராத்திரி எட்டு மணிக்குக் கிடைக்கும் மெகாவாட் வேறு. வீடுகளில் விளக்கும் ஏசியும் ஓடும் அந்த நேரத்தில் சோலார் பூஜ்யம். பகலில் மிஞ்சுவதைச் சேமித்து வைக்க வேண்டும். வால்பாறை மலையில் 400 மெகாவாட் காடம்பாறை நிலையம் 1987 முதல் மின்சாரத்தைச் சேமிக்கும் வேலையைத்தான் செய்கிறது. கரண்ட் மிஞ்சும்போது கீழ் அணைத் தண்ணீரை மேலே ஏற்றி, தட்டுப்பாட்டின்போது இறக்கி டர்பைனைச் சுழற்றுகிறது. நீலகிரியில் குந்தாவில் 500 மெகாவாட்டுக்கு அதே மாதிரி ஒன்று திட்டமிடப்பட்டது. மலையைக் குடைந்து செய்யும் வேலை. சோலார் வேகத்தில் முடியாது.

நம்பிக்கை 4: மின்வாரியம் பணத்தை இழுத்தடித்தால் நட்டம் காற்றாலை முதலாளிக்குத்தான்.

உண்மை: முதலில் அவருக்கு, பிறகு நமக்கு. பாக்கி வரும் தேதி தெரியாத தொழிலுக்கு வங்கி கூடுதல் வட்டி கேட்கும். அந்த வட்டி அடுத்த டெண்டரின் யூனிட் விலையில் ஏறும். அங்கிருந்து நம் பில்லுக்கு வரும். 2022-இல் மத்திய அரசு பழைய பாக்கிகளை அதிகபட்சம் 48 மாதத் தவணையில் தீர்க்க வழி செய்தது. பிறகும் தவறும் பகிர்மானக் கழகங்களுக்கு வெளிச்சந்தை மின்சாரத்தைக் கட்டுப்படுத்தவும் விதி வைத்தது.

பில்லை நேரத்துக்குக் கட்டாவிட்டால் நம் ஃபியூஸைப் பிடுங்குகிறார்கள். அந்த ஒழுங்கை வாரியமும் கடைப்பிடித்தால், பசுமை மின்சாரத்துக்கு அதைவிட மலிவான மானியம் வேறில்லை.