பழைய மிதிவண்டியைச் சீர்செய்தல்

மாட்டுக்கொட்டிலின் மூலையிலோ மாடிப்படியின் அடியிலோ பயன்படாத மிதிவண்டி ஒன்று சாய்ந்து கிடத்தலை நம் நாட்டு வீடுகள் பலவற்றிலும் காணலாம். பாட்டனார் வேலைக்குச் சென்று வந்த வண்டியாக அஃது இருக்கலாம். தமக்கை பள்ளியில் விலையின்றிப் பெற்ற வண்டியாகவும் இருக்கலாம். டயர் கிழிந்து செயின் துருவேறிய அன்று, 'பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்று ஒதுக்கப்பட்ட அவ்வண்டி, ஆண்டுகள் சில கழிந்தும் அவ்வாறே கிடக்கும். பின்னர் ஒருநாள் பழைய இரும்பு எடுப்பவரின் தராசில் ஏறிச் சிறு தொகையாய் முடியும். ஆனால், உற்று நோக்கினால் அவ்வண்டியின் சட்டம் பெரும்பாலும் நலமாகவே இருக்கும். கெட்டவை தேய்ந்த சிற்றுறுப்புகளே. பள்ளி ஆறு கிலோமீட்டர் தொலைவில் உள்ள ஒரு மாணவியை எண்ணிப் பாருங்கள். நடந்து போய்வர அவளுக்கு ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் ஆகும். மிதிவண்டியில் ஒரு மணி நேரமே ஆகும். மூலையில் கிடக்கும் வண்டி நாள்தோறும் ஒன்றரை மணி நேரத்தை அவளிடமிருந்து பறித்துக்கொண்டே கிடக்கின்றது எனலாம்.

உறுப்புகளைத் தொடுமுன் அவற்றின் வரலாற்றை ஒருசிறிது அறிதல் நலம். ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு உருளிகளை உடைய வண்டியை 1817-இல் செருமனி நாட்டு மன்ஹைம் நகரில் கார்ல் வான் டிரைஸ் என்பவர் செய்து ஓட்டினார். அது மரத்தால் ஆயது, மிதி இல்லாதது, காலால் தரையை உந்தி ஓட்ட வேண்டுவது. 1860-களில் பாரிசு நகரத்தார் முன்னுருளியில் மிதியைப் பொருத்தினர். அடுத்த பத்தாண்டில் முன்னுருளி ஆளுயரம் வளர்ந்து, அதன்மேல் அமர்ந்தவர் தலைகுப்புற விழுவதும் மிகுந்தது. 1885-இல் இங்கிலாந்தின் கவென்டிரி நகரில் ஜான் கெம்ப் ஸ்டார்லி என்பவர், பின்னுருளியைச் செயினால் இயக்கும் தாழ்ந்த வண்டியை அமைத்தார். 1888-இல் பெல்பாஸ்டு நகரில் டன்லப் என்பவர், தம் மகனின் முச்சக்கர வண்டி கடகடவென்று அதிராமல் ஓடக் காற்றடைத்த டயரைச் செய்தார். அதன் பின்னர் மிதிவண்டியின் அடிப்படை உரு மாறவில்லை. ஆதலின், 1949-இல் சென்னையில் தொடங்கப்பெற்ற டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனமும், பஞ்சாபில் லூதியானாவில் 1956-இல் தொடங்கப்பெற்ற ஹீரோ நிறுவனமும் பெருக்கிய கருநிற வண்டிகளுக்குரிய உறுப்புகள் இன்றும் சிற்றூர்க் கடைகளில் கிடைக்கின்றன.

வீட்டில் வேண்டுவன சிலவே. ஸ்பானர் இரண்டு மூன்று, திருப்புளி ஒன்று, டயர் நெம்பி இரண்டு, ஆரக்கம்பியைத் திருகும் சிறு சாவி ஒன்று, மண்ணெண்ணெய், கிரீஸ், பழந்துணி ஆகியவை போதும். இவற்றோடு ஒரு குறிப்பேடும் வைத்துக்கொள்க. கழற்றிய உறுப்பைக் கழற்றிய வரிசையிலேயே துணிமேல் பரப்பி, எது எப்பக்கம் நோக்கி இருந்தது என்பதை எழுதி வைத்தால், பூட்டும்போது மயங்க நேராது. மண்ணெண்ணெய் கொண்டு கழுவுமிடத்தில் அடுப்போ விளக்கோ இருத்தல் ஆகாது.

முதலில் உருளியைப் பார்ப்போம். பெரும்பாணாற்றுப்படை உமணரின் உப்பு வண்டியை விரிவாகக் கூறுகின்றது. அங்கே வட்டை சூட்டு என்றும், ஆரக்கால் ஆரம் என்றும், வண்டியின் நெடுஞ்சட்டம் பார் என்றும் வழங்குகின்றன. (நம் சைக்கிளின் 'பார்' ஆங்கிலச் சொல்; இரண்டும் ஒலியால் ஒத்தனவேயன்றி, ஒன்றிலிருந்து ஒன்று பிறந்தது என்று கருதற்க.) அம்மர உருளியின் ஆரக்கால் தூண் போன்றது, பளுவைத் தலையில் தாங்கித் தரையின்மேல் ஊன்றி நிற்பது. மிதிவண்டியின் ஆரமோ மெல்லிய கம்பி. அதனைத் தரையில் நிறுத்தி அழுத்தினால் உடனே வளைந்துவிடும். அங்ஙனமாயின் அஃது ஓர் ஆளைத் தாங்குவது எவ்வாறு? கம்பிகள் அனைத்தும் முன்னரே எல்லாப் பக்கமும் இழுத்துக் கட்டப்பட்டவை. பளு ஏறும்போது தரையை நோக்கிய கம்பிகளின் இறுக்கம் சற்றே தளரும்; ஏனைய கம்பிகள் நடுவில் உள்ள குடத்தைத் தத்தம் பக்கம் பற்றி இழுத்து நிறுத்தும். கருநிற வண்டிகளில் முன்னுருளிக்கு 32, பின்னுருளிக்கு 40 என்று கம்பிகள் அமைந்திருத்தல் பெருவழக்கு. பின்னே பளு மிகுதி அன்றோ? ஆகவே ஒரு கம்பி அறுந்தால், 'முப்பத்தொன்று உளவே' என்று வாளா இருத்தல் கூடாது. அதன் பங்கு அண்டைக் கம்பிகளின்மேல் ஏற, அவையும் ஒன்றன்பின் ஒன்றாக அறும், உருளி கோணிவிடும்.

கோணிய உருளியை நேராக்குவதைக் கடைக்காரர் 'கோட்டம் எடுத்தல்' என்பர். கோட்டம் என்பது வளைவைக் குறிக்கும் பழந்தமிழ்ச் சொல். புலவர் ஏட்டில் மட்டும் இருப்பதாக நாம் எண்ணும் சொல்லைத் தெருமுனையில் எண்ணெய் படிந்த கையோடு ஒருவர் நாள்தோறும் வழங்கி வருகின்றார்! எனக்கு இஃது எப்போதும் மகிழ்ச்சி தருவது.

கோட்டம் எடுக்கும் முறை இது: வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, கவையின் ஒரு பக்கத்தில் சுண்ணக்கட்டியை அசையாது பிடித்து, அதன் நுனி ரிம்மைத் தொட்டும் தொடாமலும் இருக்குமாறு உருளியைச் சுழற்றுக. ரிம் எங்கே அப்பக்கம் சாய்கின்றதோ அங்கே வெண்கோடு விழும். வலப்பக்கம் கோடு விழுந்தால், அவ்விடத்தில் இடப்பக்கக் குடத்திலிருந்து வரும் கம்பிகளைக் கால் சுற்று இறுக்கி, வலப்பக்கத்தினவற்றைக் கால் சுற்றுத் தளர்த்துக. கோட்டைத் துடைத்துவிட்டு மீண்டும் சுழற்றுக. ஒரே கம்பியை முழுச்சுற்று இறுக்குவோர் ஓரிடத்துக் கோட்டத்தை வேறோரிடத்துக்கு அனுப்புகின்றனரேயன்றி நீக்குவதில்லை. முதன்முறை இதற்கு ஒரு பிற்பகல் முழுதும் ஆகலாம். இறுதியில் ஒவ்வொரு கம்பியையும் விரலால் சுண்டிக் கேளுங்கள். ஒரு பக்கத்துக் கம்பிகள் ஏறத்தாழ ஒரே ஒலி எழுப்பினால் இறுக்கம் ஒத்திருக்கின்றது என்று கொள்ளலாம். தொய்ந்த கம்பி மந்தமாக ஒலிக்கும்.

டியூபின் ஓட்டையை அடைப்பது பலரும் அறிந்ததே. காற்றடித்து நீரில் அமிழ்த்திக் குமிழி எழும் இடத்தைக் கண்டு, உப்புத்தாளால் தேய்த்து, சொலூஷன் தடவி, அஃது ஒட்டும் பதத்திற்கு உலர்ந்த பின்னரே ஒட்டை வைத்தல் வேண்டும். ஆனால், டயரின் உட்புறத்தைத் துணியால் தடவிப் பார்க்க மறந்தால், அங்கே ஒளிந்திருக்கும் கருவேல முள் அடுத்த தெருவிலேயே மீண்டும் தன் வேலையைக் காட்டும்.

இனி, அச்சுகளும் குண்டுகளும். உருளியின் அச்சைச் சுற்றியும் மிதியச்சைச் சுற்றியும் சிறு எஃகுக் குண்டுகள் கிண்ணத்துள் உருள்கின்றன. பழைய வண்டியில் கிரீஸ் காய்ந்து மண்ணோடு கலந்து அரைமாவு போலக் கிடக்கும். அதனைக் கழுவி, பள்ளம் விழுந்த குண்டுகளை எறிந்து, புதியவற்றைக் கிரீஸில் பதித்து வைத்தால் வண்டியின் மூப்புப் பாதி நீங்கிவிடும். அச்சின் கூம்பை மிகவும் இறுக்கினால் உருளி சுழலாது. மிகவும் தளர்த்தினால் ஆடும். தூக்கிப் பிடித்தால், காற்று அடைக்கும் வால்வின் பளுவாலேயே உருளி மெல்லத் திரும்பி நிற்க வேண்டும். அதுவே சரியான அளவு. மிதியச்சைக் கழற்றும்போது வலப்பக்கத்துக் கிண்ணத்தை விட்டுவிடுக. அதன் மரை இடஞ்சுழியாக இருக்கும். அதனை வலிந்து திருகி உடைப்பவர் பலர். இடக்கால் மிதியின் மரையும் இடஞ்சுழியே. இரண்டு மிதிகளையும் வலஞ்சுழியாகவே வைத்திருந்தால், ஓடும்போதே இடமிதி சிறிது சிறிதாகக் கழன்று வரும். நினைவில் வைப்பது எளிது: ஸ்பானரை மேல்நோக்கி நிறுத்தி வண்டியின் முன்பக்கம் தள்ளினால் இரு மிதிகளும் இறுகும், பின்பக்கம் தள்ளினால் இரண்டும் கழலும்.

செயினின் தேய்வைக் கண்ணால் அறிதல் அரிது, அளவுகோலால் அறியலாம். ஆணிக்கு ஆணி அரை அங்குலமாதலின் 24 இடைவெளிகள் சரியாக 12 அங்குலம் இருத்தல் வேண்டும். அது 12⅛ அங்குலம் ஆகிவிட்டால் புதிய செயின் வாங்குக. பழையது பற்சக்கரத்தையும் தின்றுவிடும்.

இவையெல்லாம் பிழைத்தால் வண்டி நிற்கும், அவ்வளவே. பிரேக்கும் கவையும் பிழைத்தாலோ வண்டி நிற்காது, ஓட்டுபவர் விழுவார். ஆகையால் இங்கே சிக்கனம் பார்த்தல் தகாது. பிரேக் கட்டை ரிம்மை முழுதும் தொட வேண்டும்; டயரைத் தொடுதல் ஆகாது. எஃகு ரிம் மழையில் நனைந்தால் பிடிப்பு மிகக் குறையும் என்பதை ஓட்டுபவர் அறிந்திருக்க வேண்டும். நிறுத்தும்போது உடலின் பளு முன்னே சாய்வதால் முன்பிரேக்கே மிகுதியும் வேலை செய்கின்றது; அதனைக் கழற்றி எறிந்துவிட்டுப் பின்பிரேக் ஒன்றோடு ஓட்டும் வழக்கம் கொடியது. சட்டத்தின் இணைப்புகளையும் கவையின் கழுத்தையும் துடைத்து நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். மயிரிழை போன்ற விரிசல் தென்பட்டால், அதன்மேல் வண்ணம் பூசற்க. வளைந்து நிமிர்த்திய கவையையும் நம்பற்க. கவையை மாற்றுவதற்கு ஆகும் செலவு, முன்பல் இரண்டைக் கட்டுவதற்கு ஆகும் செலவினும் குறைவு.

சீர்செய்ததோடு நில்லாமல், வேண்டியவாறு வண்டியை மாற்றி அமைப்பதும் உண்டு. அமெரிக்காவின் டேட்டன் நகரில் 1892 முதல் மிதிவண்டிக்கடை நடத்திய ரைட் உடன்பிறந்தார், 1901-இல் ஒரு மிதிவண்டியின் முன்னே மூன்றாம் உருளி ஒன்றைக் கிடையாகப் பொருத்தி, அதில் சிறு சிறகுத் தகடுகளை நிறுத்தி, காற்று அவற்றை எவ்வாறு தள்ளுகின்றது என்று ஓட்டிப் பார்த்தனர். 1903-இல் அவர்கள் பறந்த வானூர்தியிலும் பொறியிலிருந்து விசிறிக்கு ஆற்றலைக் கொண்டு சென்றவை செயினும் பற்சக்கரமுமே. 1954-இல் வியட்நாமியர் தியன் பியன் பூ போருக்கு உணவும் படைக்கலமும் கொண்டுசெல்ல, மிதிவண்டிச் சட்டத்தை வலுப்படுத்தி, கைப்பிடியில் மூங்கிலைக் கட்டி நீட்டி, ஒவ்வொன்றிலும் 200 கிலோகிராமுக்கு மேல் ஏற்றித் தள்ளிக்கொண்டே மலைவழியில் நடந்தனர். நம் தெருவில் வரும் சாணை பிடிப்பவரோ, நிறுத்திய வண்டியின் மிதியைச் சுழற்றிக் கல்லை ஓட்டுகின்றார்.

1991-இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு மிதிவண்டி ஓட்டுதலையும் மகளிரிடையே பரப்பியபோது, பெண்களுக்குரிய வண்டிகள் போதவில்லை. ஆடவர் வண்டியையே பலர் ஓட்டினர். அதன் பாரில் குழந்தையை அமர்த்திச் செல்லலாம் என்று அதனையே விரும்பினாரும் உளர்.

மாணவர் வீட்டிலேயே செய்யத்தக்க மாற்றம் ஒன்று கூறுவேன். மேட்டு நிலத்திலும் பளு ஏற்றியும் செல்வோர்க்குப் பின் பற்சக்கரத்தைப் பெரிதாக்குதல் நலம். முன்சக்கரத்தில் 44 பற்களும் பின்சக்கரத்தில் 18 பற்களும் இருந்தால், மிதி ஒருமுறை சுழல உருளி ஏறத்தாழ 2.44 முறை சுழலும். 28 அங்குல உருளியின் சுற்றளவு 88 அங்குலம். ஆகவே வண்டி ஏறத்தாழ 215 அங்குலம் செல்லும். பின்னே 22 பல் வைத்தால் சரியாக 176 அங்குலமே செல்லும். தொலைவு குறைந்த அளவுக்குக் காலின் உழைப்பும் குறைகின்றது. செயினில் சில கண்ணிகளைக் கூட்ட வேண்டி வரலாம்.

இக்காலத்தில் பழைய வண்டியில் மின்மோட்டாரைப் பொருத்துவோரும் பலர். 36 வோல்ட்டும் 10 ஆம்பியர்-மணியும் உள்ள மின்கலத்தில் 360 வாட்-மணி ஆற்றல் உண்டு. 250 வாட் மோட்டார் முழு வலியோடு ஓடினால் ஒன்றரை மணிக்குள் அது தீரும். நம் நாட்டு விதிகளின்படி, 250 வாட்டுக்குக் குறைந்த ஆற்றலும் மணிக்கு 25 கிலோமீட்டருக்குக் குறைந்த விரைவும் உடையதாய், ஏனைய வரையறைகளுக்கும் உட்பட்டு, உரிய ஒப்புதல் பெற்ற வண்டியே மோட்டார் வாகனம் எனக் கருதப்படாது விடப்படும். 15 கிலோமீட்டர் விரைவில் செல்லும் வண்டி 25 கிலோமீட்டர் விரைவை அடையும்போது அதன் இயக்க ஆற்றல் ஏறத்தாழ 2¾ மடங்கு ஆகின்றது. அவ்வளவையும் அப்பழைய பிரேக் கட்டைகளே தின்று தீர்க்க வேண்டும். மோட்டார் உருளியை முன்னே தள்ளும்போது, அச்சோ பின்னோக்கித் திரும்பிக் கவையின் காடியைப் பிளக்க முயலும். அதனைத் தடுக்கும் எஃகுப் பட்டையின்றி மோட்டாரைப் பொருத்துதல் கூடவே கூடாது. துருவேறிய கவையில் முன்மோட்டார் வைப்பதை யான் ஒருபோதும் உடன்படேன்.

வண்டி ஆயத்தமானதும் நெடுவழியில் ஏறற்க. வீட்டு வாயிலில் தள்ளிப் பார்த்து, இரு பிரேக்குகளையும் பிடித்து முன்னும் பின்னும் அழுத்தி, பிறகு ஆளில்லாத் தெருவில் ஒரு கிலோமீட்டர் ஓட்டுக. புதிதாய் இறுக்கிய ஆரக்கம்பிகளும் மிதித்தண்டின் ஆப்பாணிகளும் பளு ஏறியதும் சற்றே அமர்ந்து தளரும். திரும்பி வந்தவுடன் ஸ்பானரை எடுத்து அவற்றை மீண்டும் இறுக்குக. ஒரு வாரம் சென்றபின் இன்னுமொரு முறை இறுக்குக.