லைசென்ஸ் தேடும் முன் ஏர் பிஸ்டலை எடுங்கள்

பிள்ளையைத் துப்பாக்கி சுடும் போட்டிக்குத் தயார்படுத்த நினைக்கும் பெற்றோர் என்னிடம் முதலில் கேட்பது, "லைசென்ஸுக்கு யாரைப் பார்க்கணும் சார்?" என்பதுதான். எங்கள் திருப்பரங்குன்றத்தில் கடை வைத்திருப்பவரும் இதைத்தான் கேட்கிறார், கல்லூரியில் பாடம் எடுப்பவரும் இதைத்தான் கேட்கிறார். யாரையும் பார்க்க வேண்டாம். 10 மீட்டர் ஏர் பிஸ்டலுக்கு லைசென்ஸ் தேவையில்லை. குழலின் விட்டம் 0.177 அங்குலத்தையும் வெளிப்படும் ஆற்றல் 20 ஜூலையும் தாண்டாத காற்றுத் துப்பாக்கிகளுக்கு 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகள் விலக்கு அளித்திருக்கின்றன. போட்டிக்கான ஏர் பிஸ்டலின் ஆற்றல் அந்த வரம்பில் மூன்றில் ஒரு பங்குகூட வராது. ஒலிம்பிக் வரை போகும் பாதை இந்த விலக்குக்குள்ளேயே இருக்கிறது. பாரிஸில் 2024இல் மனு பாக்கர் வாங்கிய இரண்டு வெண்கலங்களும் ஏர் பிஸ்டலில் வந்தவை. அதற்கு முன்பே, 2021 டெல்லி உலகக் கோப்பையில் அவரோடும் யஷஸ்வினி தேஸ்வாலோடும் நின்று அணித் தங்கம் வென்றவர் நம் தமிழ்நாட்டின் ஸ்ரீ நிவேதா பரமானந்தம்.

தோட்டா போடும் .22 பிஸ்டல் என்றால் கதை வேறு. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி லைசென்ஸுக்கு 21 வயது ஆக வேண்டும். மாநகர எல்லைக்குள் காவல் ஆணையரிடமும் வெளியே மாவட்ட ஆட்சியரிடமும் விண்ணப்பிக்க வேண்டும். கையாளும் பயிற்சிக்குச் சான்று, மருத்துவச் சான்று, வீட்டில் பத்திரமாக வைப்பேன் என்ற உறுதிமொழி, அதன் பின் போலீஸ் விசாரணை. 2019 திருத்தத்துக்குப் பின் சாதாரணமாக ஒருவர் இரண்டு துப்பாக்கிதான் வைத்திருக்கலாம்; போட்டி வீரர்களுக்குத் தனிச் சலுகை உண்டு. வெளிநாட்டுப் பிஸ்டலை இறக்குமதி செய்வது தேசியப் போட்டியில் தகுதிப் புள்ளி எடுத்து 'ரினௌன்டு ஷாட்' ஆனவர்களுக்குத்தான் எளிது. இந்தக் கெடுபிடியை நான் குறையாகச் சொல்லவில்லை. கல்யாண வீட்டில் வானத்தைப் பார்த்துச் சுடுகிறவர்களும் இருக்கும் நாட்டில் இது வேண்டும்.

சட்டம் இறுகினால் விளையாட்டு என்ன ஆகும் என்பதற்கு பிரிட்டன் நல்ல பாடம். 1996 மார்ச்சில் ஸ்காட்லாந்தின் டன்பிளேன் பள்ளியில் 16 குழந்தைகளையும் ஓர் ஆசிரியையையும் ஒருவன் சுட்டுக் கொன்றான். அடுத்த ஆண்டே கைத்துப்பாக்கிகளுக்குத் தடை வந்தது. குழல் 30 சென்டிமீட்டருக்கோ மொத்த நீளம் 60 சென்டிமீட்டருக்கோ குறைந்தால் அது தடைசெய்யப்பட்ட ஆயுதம். வடக்கு அயர்லாந்துக்கு இந்தத் தடை இல்லை. ஏர் பிஸ்டலுக்கும் வாய்வழி மருந்து கெட்டிக்கும் பழைய வகைகளுக்கும் விலக்கு உண்டு. தடைக்குள் வந்தவர்களும் விளையாட்டை விடவில்லை. ரிவால்வருக்கும் பிஸ்டலுக்கும் 30 சென்டிமீட்டர் குழல் பூட்டி, பிடிக்குப் பின்னால் ஒரு கம்பியை நீட்டி 60 சென்டிமீட்டர் கணக்கைச் சரிசெய்து சுடுகிறார்கள். ஆனால் ஒலிம்பிக் 25 மீட்டர் பிஸ்டலின் குழல் 153 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. அதனால் அந்த நீளத் துப்பாக்கியோடு அந்தப் போட்டியில் நிற்க முடியாது. 2002 மான்செஸ்டர் காமன்வெல்த் போட்டிக்கும் 2012 லண்டன் ஒலிம்பிக்குக்கும் அரசு தனி அனுமதி தந்துதான் தோட்டா பிஸ்டல் பிரிவுகள் நடந்தன.

நீளக் குழல் என்றதும் நம் பையன்களுக்குக் கண் விரிகிறது. நீளமானால் குறி தப்பாது என்று நினைக்கிறார்கள். குழலின் நீளம் தானாக எதையும் தராது. குறிபார்க்க உதவும் முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் இடையே உள்ள தூரம்தான் தருகிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டு சைட்டுக்கும் நடுவே 320 மில்லிமீட்டர் இருக்கும் ஏர் பிஸ்டலில் முன் சைட் 1 மில்லிமீட்டர் விலகினால், 10 மீட்டர் தள்ளியுள்ள இலக்கு அட்டையில் பெல்லட் (ஈயக் குண்டு) 31 மில்லிமீட்டர் விலகி விழும். அட்டையில் ஒரு வளையத்துக்கும் அடுத்த வளையத்துக்கும் 8 மில்லிமீட்டர்தான் இடைவெளி, ஆக பத்தின் நடுவில் விழ வேண்டியது ஏழுக்குப் போய்விடும். அந்தத் தூரம் 150 மில்லிமீட்டராக இருந்தால் அதே தவறு 67 மில்லிமீட்டர் ஆகிவிடும். ஆனால் சைட் இரண்டும் நேராக இருந்து, கை மட்டும் 1 மில்லிமீட்டர் பக்கவாட்டில் நகர்ந்தால் அட்டையிலும் 1 மில்லிமீட்டர்தான் நகரும். அதனால்தான் "கை ஆடுது, கை ஆடுது" என்று அழும் பிள்ளைகளிடம் நான் சொல்வேன்: கை எல்லாருக்கும் ஆடும், ஆடட்டும். நீ முன் சைட்டை விட்டுக் கண்ணை எடுக்காதே. அட்டையின் கறுப்பு வட்டம் மங்கலாகத்தான் தெரிய வேண்டும்.

நீளக் குழலுக்கு இன்னொரு பக்கமும் உண்டு. ஏர் பிஸ்டல் பெல்லட் விநாடிக்குச் சுமார் 150 மீட்டர் வேகத்தில்தான் போகிறது. ட்ரிகர் விழுந்த பின்னும் பெல்லட் கொஞ்ச நேரம் குழலுக்குள்ளேயே இருக்கிறது; குழல் நீள நீள அந்த நேரமும் கூடும். அந்த நேரத்தில் மணிக்கட்டு தளர்ந்தால் போச்சு. சுட்டவுடன் கையை இறக்கி "எங்க விழுந்துச்சு?" என்று திரையைப் பார்க்கும் பழக்கம்தான் நம் பிள்ளைகளின் புள்ளிகளைத் தின்கிறது. சுட்ட பிறகும் ஒன்று, இரண்டு என்று மனசுக்குள் எண்ணும் வரை சைட்டைப் பிடித்திருக்க வேண்டும். இதைத்தான் ஃபாலோ த்ரூ என்கிறோம்.

வீட்டில் பயிற்சிக்கு 10 மீட்டர் இடம் வேண்டும் என்று கவலைப்பட வேண்டாம். சன்னதித் தெருப் பக்கத்து வீடுகளில் அவ்வளவு நீளம் எங்கே கிடைக்கும்? வெள்ளைச் சுவர் ஒன்று போதும். பெல்லட் போடாமல், ட்ரை ஃபயர் வசதியை இயக்கி, சைட்டை மட்டும் பார்த்து ட்ரிகரை அழுத்துங்கள். விதிப்படி ஏர் பிஸ்டல் ட்ரிகருக்குக் குறைந்தது 500 கிராம் எடை இருக்க வேண்டும். அந்த 500 கிராமை முன் சைட் அசையாமல் அழுத்தக் கற்றுக்கொண்டால் விளையாட்டில் பாதி கைக்கு வந்துவிட்டது. காம்பவுண்டுச் சுவரில் பெல்லட் சுட்டுப் பழகுவது மட்டும் கூடவே கூடாது. ஈயம் தெறித்துத் திரும்பும்; பக்கத்து வீட்டில் குழந்தை இருக்கும்.

மதுரை வெயிலுக்கென்று சில சங்கதிகள். சித்திரை, வைகாசியில் உள்ளங்கை வியர்வையில் மரக் கிரிப் வழுக்கும். ஒவ்வொரு தொடருக்கும் இடையே கையையும் கிரிப்பையும் துண்டால் துடையுங்கள். பிஸ்டலின் காற்று நிரப்பிய சிலிண்டரை வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டுவிட்டுப் போகாதீர்கள். சிலிண்டரில் அச்சிட்ட காலாவதித் தேதி முடிந்திருந்தால் போட்டியில் ஏற்க மாட்டார்கள். பழையது வாங்குகிறவர்கள் முதலில் அதைப் பாருங்கள். விமானத்தில் போனால் சிலிண்டரைக் காலி செய்து, அறிவித்து, செக்-இன் பையில் போட வேண்டும். பெல்லட் தொட்ட கையோடு முறுக்கு தின்னக் கூடாது, அது ஈயம். எலக்ட்ரானிக் ட்ரிகர் வைத்திருப்பவர்கள் மாற்று பேட்டரி மட்டுமல்ல, மாற்றுப் பிஸ்டலுக்கும் வழி தேடி வையுங்கள். டோக்கியோ ஒலிம்பிக்கில் மனு பாக்கரின் பிஸ்டல் தகுதிச் சுற்றின் நடுவில் கோளாறாகி விலைமதிப்பில்லாத நிமிடங்களைத் தின்றதை மறக்க முடியாது.

ஏர் பிஸ்டலுக்கு லைசென்ஸ் இல்லை என்பதால் அது பொம்மை ஆகிவிடாது. பார்ப்பவர் கண்ணுக்கு அது துப்பாக்கிதான். பூட்டிய பெட்டியில், குழலுக்குள் ஆரஞ்சு நிறப் பாதுகாப்புக் கயிறு கோத்து, கிளப்பின் அடையாள அட்டையோடும் வாங்கிய ரசீதோடும்தான் எடுத்துப் போக வேண்டும். திருக்கார்த்திகை, பங்குனித் திருவிழா நாட்களில் எங்கள் ஊரில் தெருவுக்குத் தெரு போலீஸ் நிற்கும். அந்த நாட்களில் பெட்டி வீட்டைவிட்டு வெளியே வரவே கூடாது என்பது நான் சொல்லிக்கொடுக்கும் பிள்ளைகளுக்கு வைத்திருக்கும் விதி. ஃபேஸ்புக், இன்ஸ்டாவில் துப்பாக்கியோடு போஸ் கொடுக்கவும் தடை. பின்னாளில் .22க்கு லைசென்ஸ் கேட்டு நிற்கும்போது விசாரிக்க வரும் காவலர் பார்ப்பது உங்கள் நடத்தையைத்தான். லைசென்ஸ் கிடைத்த பிறகும், தேர்தல் அறிவித்தால் துப்பாக்கியை ஒப்படைக்கச் சொல்வார்கள். ரைபிள் சங்கக் கடிதத்தோடு போட்டி வீரர் என்று எழுதிக் கொடுத்து விலக்குக் கேட்கலாம். சண்டை போட்டு ஆகப் போவது ஒன்றுமில்லை.

வாங்கும் விஷயத்தில் அவசரம் வேண்டாம். நல்ல வெளிநாட்டு ஏர் பிஸ்டல் ஒரு லட்சத்தைத் தாண்டும். மதுரை ரைபிள் கிளப் போன்ற ஒரு கிளப்பில் சேர்ந்து, அங்கிருக்கும் பிஸ்டலில் ஆறு மாதமாவது சுடட்டும். அதற்குள் பிள்ளையின் கைக்கு எந்த அளவுக் கிரிப் பொருந்தும், ஆர்வம் நிற்குமா போகுமா எல்லாம் தெரிந்துவிடும். பிறகு மாநிலப் போட்டி, அகில இந்திய மாவ்லங்கர் போட்டி, தேசியப் போட்டி என்று படி ஏறலாம். பிள்ளைக்கு ஆசை இருந்தால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை கடைக்குப் போகாதீர்கள். பக்கத்தில் உள்ள ரேஞ்சுக்குக் கூட்டிப் போய், ஓரமாக உட்கார்ந்து ஒரு மணி நேரம் பார்க்கச் சொல்லுங்கள்.