போனில் ஒரு காஞ்சி நடை: ஊரே சோமாஸ்கந்தம்



அப்பத்தாவுக்கு 2 வருஷமா முழங்கால் முடியல. "சாகுறதுக்குள்ள குமரகோட்டத்தைப் பாத்துரணும்டா"ன்னு கேட்டுக்கிட்டே இருந்தாங்க. மதுரையிலிருந்து காஞ்சிபுரம் வரைக்கும் காரில் உட்கார்ந்து வர அவங்களால முடியாது. அதனால் போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை, காஞ்சியில் வழிகாட்டியா இருக்கிற ஒரு அண்ணன் வீடியோ காலில் நடந்துகிட்டே ஊரைக் காட்டினார். நாங்க வீட்டு டிவியில் போட்டுப் பார்த்தோம். அன்னைக்குக் கத்துக்கிட்டதைத்தான் எழுதுறேன்.

படிக்கிறதுக்கு முன்னாடி மேப்பைத் திறந்து ஏகாம்பரநாதர், காமாட்சி அம்மன், குமரகோட்டம் மூணையும் தேடிப் பாருங்க. அப்பா கோயிலுக்கும் அம்மா கோயிலுக்கும் நடுவுல பிள்ளை கோயில். சிவன், உமை, கந்தன் மூவரும் ஒரே ஆசனத்தில் இருக்கிற கோலம்தான் சோமாஸ்கந்தம். 'ஸ + உமா + ஸ்கந்தன்', அதாவது உமையோடும் கந்தனோடும் கூடியவர். காஞ்சியில் ஊரோட அமைப்பே அந்தக் கோலம்தான்னு பெரியவங்க சொல்வாங்க. நேரில் 2 தடவை போயிருக்கேன், ஆட்டோவில் இறங்கி ஏறுனதுல எனக்கு இது புரியவே இல்லை. அண்ணன் நடந்து காட்டினப்போதான் புரிஞ்சது.

ஏகாம்பரநாதர் ராஜகோபுரத்தை அடியிலிருந்து மெதுவா மேலே காட்டினார். 1509-ல் கிருஷ்ணதேவராயர் கட்டியது. அங்கிருந்து தெருத்தெருவா நடந்து மேற்கு ராஜ வீதியில் குமரகோட்டம் வாசலுக்கு வந்தார். அங்கேதான் சிக்கல். 2022 டிசம்பரில் உயர்நீதிமன்றம் கோயில்களுக்குள் செல்போனுக்குத் தடை போட்டது நம்மில் பலருக்குத் தெரியும். அந்த வழக்கு கிளம்பினதே நம்ம திருச்செந்தூர் விஷயத்துலதான். "உள்ளே போன் கொண்டு போகக் கூடாதும்மா, நான் போய் கும்பிட்டுட்டு வந்து சொல்றேன்"னு கால் கட் பண்ணிட்டார்.

அப்பத்தா முகம் வாடிப்போச்சு. இதுக்காகத்தானே உட்கார்ந்திருந்தாங்க!

அந்த இடைவெளியில் நான் தலபுராணம் சொல்ல ஆரம்பிச்சேன். பிரணவத்துக்குப் பொருள் தெரியாம முழிச்ச பிரம்மாவைச் சிறையில் போட்டுட்டு, படைப்புத் தொழிலைத் தானே ஏத்துக்கிட்ட கோலம் இங்கே. அதனால் மூலவர் கையில் அட்சமாலையும் கமண்டலமும். இந்தக் கோயில் அர்ச்சகர்தான் கச்சியப்ப சிவாச்சாரியார். 6 காண்டம், 10,000-க்கு மேல பாட்டு உள்ள கந்தபுராணத்தைப் பாடினவர். தினமும் எழுதின ஏட்டைச் சன்னதியில் வெச்சுட்டு நடை சாத்துவாராம், காலையில் முருகனே திருத்தி வெச்சிருப்பாராம். நாம கோடு ரிவ்யூவுக்கு அனுப்பிட்டுக் காத்திருக்கிற மாதிரின்னு சொன்னேன். அப்பத்தாவுக்குப் புரியல, தங்கச்சி சிரிச்சா.

அரை மணி நேரத்தில் அண்ணன் திரும்ப வந்தார். அப்பத்தா முதலில் கேட்டது: "தம்பி, கையில வேல் இருந்துச்சாப்பா?"

"இல்லம்மா, மாலையும் கமண்டலமும்தான்."

"இவன் சொன்னது சரிதான் அப்ப"ன்னு என்னைத் திரும்பிப் பார்த்தாங்க.

கடைசியா பைக்கில் கைலாசநாதர் கோயில். 8-ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் ராஜசிம்ம பல்லவன் கட்டின மணற்கல் கோயில். கருவறையைக் காட்டல. ஆனா சுத்துப் பிரகாரத்தில் 58 சின்னச் சன்னதிகள், அதுல சோமாஸ்கந்தர் திரும்பத் திரும்ப வர்றார். ஒண்ணுல போனை அசையாம பிடிச்சார். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நடுவுல குட்டி முருகன். அப்பத்தா எழுந்திருக்க முயற்சி பண்ணினாங்க. நாங்க ரெண்டு பக்கமும் பிடிச்சுக்க, டிவி வரைக்கும் வந்து அந்தக் குழந்தை மேல கை வெச்சுக் கண்ணுல ஒத்திக்கிட்டாங்க.

இதைத் தரிசனம்னு நான் சொல்ல மாட்டேன். முடிஞ்சவங்க நேரில்தான் போகணும். ஆனா போறதுக்கு முன்னாடி இப்படி ஒரு நடை பார்த்துட்டுப் போங்க. காலை 6 மணிக்கே தொடங்கச் சொல்லுங்க, வெயிலும் வண்டிச் சத்தமும் இருக்காது. வழிகாட்டிக்கு மைக் வெச்ச இயர்போன் அவசியம். காசை முன்கூட்டியே அனுப்பிடுங்க, பேரம் பேசாதீங்க.

அண்ணன் அனுப்பின விபூதி தபாலில் வந்தாச்சு. அப்பத்தா தலகாணிக்குக் கீழே இருக்கு.

வேலும் மயிலும் துணை!